கடன் நோட்டில் ஒரு குதிரை

பெத்தித் ரிவியேரில் பேருந்து திரும்பும் முனையில்
எங்கள் தீவனக்கடை.
உள்ளே வந்தால் முதலில் மொலாசஸ் வாசனை,
பிறகு தூசி, பிறகு நான்.

மூட்டையின் பெயரைச் சொன்னால்
வயிற்றைச் சொல்லிவிடுவேன்.
முட்டைக்கோழித் தீவனம் கேட்டால்
"பொடிக்கல் போடுகிறீர்களா?" என்பேன்.
பல் இல்லாத பிராணி, உள்ளே கல்லை வைத்துத்தான் அரைக்கிறது.
பன்றி வளர்க்கும் கிளான்சியிடம் ஒன்றும் கேட்பதில்லை.
அது நம்மைப் போல. போட்டதைத் தின்னும்,
நம்மைப் போலவே கொழுக்கும்.

பசு வைத்திருப்பவர்கள் பாதி மூட்டைதான் வாங்குவார்கள்.
கரும்பு வெட்டும் மாதங்களில் தோகை சும்மா கிடைக்கிறது.
தோகையில் என்ன இருக்கிறது, நாரும் காற்றும்.
பசு அதைத் தனக்காகத் தின்பதில்லை.
முதல் அறையில் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேருக்குப் பந்தி போடுகிறது.
அவர்கள் உண்டு பெருகி வழிந்தபின்
அவர்களையே செரிக்கிறது.
விருந்தாளிகளைத் தின்றுவிட்டு
அசைபோட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சாந்த முகத்தின்மேல்
எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம்.

மருதை அந்தக் குதிரையைக் கொண்டுவந்தது மே மாதம்.
போர்ட் லூயி பந்தயத் திடலில் ஏழு முறை ஓடி
ஏழு முறையும் யாருக்கோ பின்னால் வந்தது.
பெயர் போ மத்தேன். அழகான காலை.
கறி விலையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாராம்.
ஏன் என்று கேட்டேன்.
"என்னைப் பார்த்தது" என்றார்.

ஆட்டுக் கொட்டகையில் கட்டினார்.
ஓட்ஸ் ஒரு மூட்டை எடுத்துப்போனார், கடனுக்கு.

ஆகஸ்டில் பிடரி உதிர்ந்தது.
தடவினால் கையோடு வந்தது.
வால், உரித்த கயிறு மாதிரி ஆயிற்று.
கண்ணேறு என்றார்கள், எலுமிச்சை கட்டினார்கள்.
தோற்ற துக்கம் என்றான் கிளான்சி.
மருதை உதிர்ந்ததையெல்லாம்
பால் பவுடர் டின் ஒன்றில் சேர்த்துவைத்தார்.

நான் நோட்டைப் புரட்டினேன்.
மே, ஒரு மூட்டை.
ஜூன் இல்லை. ஜூலை இல்லை.
அத்தனை பெரிய உடம்பு
பதினோரு வாரமாக எதைத் தின்று நிற்கிறது?

ஆற்றோரம் அகேஷியா.
தமிழில் சவுண்டல் என்று படித்திருக்கிறேன்.
வேண்டாமென்றாலும் முளைக்கும், காசு கேட்காது.
ஆடுகளுக்கு அதைத்தான் வெட்டிப் போடுவார்.
ஆடுகள் பளபளவென்றிருந்தன.
அதே கட்டு, அதே அரிவாள், அதே தொட்டி.

அந்த இலையில் ஒரு நஞ்சு.
ஆட்டின் முதல் அறையிலேயே அதை உடைக்க ஆள் உண்டு.
தொட்டித் தண்ணீரில் எச்சில் கலந்து
ஆட்டுக்கு ஆடு அந்த ஆளைக் கைமாற்றிக்கொள்ளும்.
குதிரைக்கு வேலையாட்கள் எல்லோரும் கடைக்கட்டில்.
இலை அங்கே போய்ச் சேருமுன்
நஞ்சு இரத்தத்தில் இறங்கி
மயிர்க்கால்களுக்கு வந்துவிடுகிறது.

சொன்னேன்.
"நான் போட்டதா?" என்றார்.
கொஞ்சம் கழித்து மறுபடி, "நானே போட்டதா?"
தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அன்று தொடங்கி உலர்புல்,
டர்பனிலிருந்து கப்பலில் வருவது.
நவம்பர் வரை பதினான்காயிரத்து முந்நூறு ரூபாய்.
அண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டு
"கக்கச் சொல்லு" என்றான்.
குதிரைக்குக் கக்க வராது என்றேன்.
தொண்டையிலிருந்து இரைப்பைக்கு ஒருவழிப் பாதை,
போனது திரும்பாது.
"நான் மருதையைச் சொன்னேன்."
"நானும்தான்."

சனிக்கிழமை மருதை வந்தார்.
பிடரி மூன்று விரற்கடை முளைத்திருக்கிறதாம்,
ஷூ பிரஷ் போல நேராக நிற்கிறதாம்.
சட்டைப்பையைத் தடவினார், ஒன்றுமில்லை.
வெளியே போய், சைக்கிளில் கட்டியிருந்த டின்னை அவிழ்த்துவந்து
கல்லாமேல் வைத்தார்.
"அடமானம்."

மூடியைத் திறந்து பார்த்தேன்.
கருஞ்செம்மை, இன்னும் மினுக்கம் போகவில்லை.
பேனாவை எடுத்து எழுதினேன்:
மருதை, வரவு,
பிடரி, ஒரு டின்.